உதுமாலெவ்வையின் போத்தல்

"இனிக் கிருமிக்குத் தொட்டிலும் கட்டுவீங்க போல காக்கா!" என்று சிரித்தான் உதவியாளன் ஷரிபுதீன்.

"சிரிக்காத தம்பி. அதுக்கு நாம ஒரு குறையும் வெக்கப்படாது," என்றார் ஆய்வுகூடத்து உதுமாலெவ்வை.

சளியில் கசநோய்க் கிருமி இருந்தால் தீனி போட்ட போத்தலுக்குள் வளரும். ஆனால் மூடியை இறுக்கினால் கிருமிக்கு மூச்சு முட்டும். தளர்த்தினால் அதன் தீனி காய்ந்துவிடும். கல்முனை வெக்கை கடலையே குடித்துவிடும், இந்தச் சின்னப் போத்தல் எம்மாத்திரம்! உதுமாலெவ்வை மூடியை மயிரிழை தளர்த்தினார். சூட்டுப் பெட்டிக்குள் தண்ணீர்த் தட்டு வைத்தார். பெருநாளன்றும் புதுச் சாரனோடு வந்து எட்டிப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழிந்தது. டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்டும் வளரல்ல."

"பாவம் காக்கா, இவ்வளவு பாடுபட்டும்..." என்று ஷரிபுதீன் திரும்பினான்.

உதுமாலெவ்வை நெற்றி தரையில் பதிய சுஜூதில் கிடந்தார். எழுந்தபோது தாடியில் வழிந்த கண்ணீருக்கு இறக்காமக் குளமே நிரம்பியிருக்கும்.

"அல்ஹம்துலில்லாஹ்! அது என்ட பொஞ்சாதி ஸகியாட சளிடா."

ஷரிபுதீன் வாயைப் பிளந்தான். "அப்ப மூடிய இறுக்கியிரிந்தா லேசா முடிஞ்சிரிக்குமே காக்கா?"

"மூச்சு முட்டிச் செத்த கிருமிய வெச்சு நோயில்ல எண்டு எப்புடி நம்புற? வளர எல்லாம் குடுத்தும் வளரல்ல, இப்ப நம்பலாம்."

உதுமாலெவ்வை சைக்கிளை எடுத்தார்.

"எங்க காக்கா?"

"வீட்ட. பெத்த நாள்ல இருந்து ஸகியா கதவுக்கு அங்கால நிண்டுதான் புள்ளயப் பாக்கிறா. அவட மடியில குடுக்கப் போறன்."