எந்த மாத்திரையைத் தின்னேன்?

"கொழுப்பு மாத்திரையை மறுபடி தொடமாட்டேன் சார்! தொடையெல்லாம் பிச்சு எடுத்துச்சு. நிறுத்தினதும் போயிடுச்சு" என்று மரக்காணம் டாக்டரிடம் கத்தினார் கலியன்.

போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் அவர். கூட வந்திருந்த மனைவி ஆராயிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"ரத்த டெஸ்ட் நல்லாத்தான் இருக்கு. அதே மாத்திரையைக் கம்மி டோஸ்ல மறுபடி ஆரம்பிக்கலாம்" என்று எழுதினார் டாக்டர். "வலி எப்ப வந்துச்சு?"

"தை மாசம், உப்புப் பாத்தி மிதிக்கிறப்ப" என்று வெடித்தாள் ஆராயி. "மிதிச்சு முடிஞ்சதும் போயிடுச்சு. யோவ், உன்கூடவே சேறு மிதிச்ச எனக்கும் அதே வலிதான். நான் எந்த மாத்திரையைத் தின்னேன்?"

கலியன் திகைத்தார். "உனக்குமா? எத்தினி வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து" என்றபடி மருந்துச் சீட்டை அவர் கையில் திணித்தாள். "இன்னிக்குத்தான்யா கேக்குற."