ராட்வெய்லர்னா ராட்வெய்லர்தான்

"ஒண்ணு இந்த பில்டிங்ல நாய் இருக்கணும், இல்லாட்டி நாம இருக்கணும்! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

சுலோச்சனா போட்ட போட்டில் கார் பார்க்கிங்கே அதிர்ந்தது. ராஜா அண்ணாமலைபுரம் மந்தாகினி ஃப்ளாட்ஸில் வருஷாந்தரக் கூட்டத்துக்குக்கூட நாலு பேர் தேறமாட்டார்கள். இன்றைக்கு என்னடாவென்றால் பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஸ்கூட்டர் சீட்டில் எல்லாம் ஆள்.

எல்லாம் இரண்டாவது மாடிக்குப் போன வாரம் வாடகைக்கு வந்த டயானாவால் வந்தது. தனியாக வந்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? கூடவே கன்றுக்குட்டி சைஸில் ஒரு கறுப்பு ராட்வெய்லர்!

"யாரையாவது கடிச்சுதா ஆன்ட்டி?" என்றாள் டயானா.

"கடிச்சப்புறம் இந்த மாதிரி மீட்டிங் போடமாட்டாங்கம்மா. இரங்கல் கூட்டம்தான் போடுவாங்க!"

கைதட்டல். சுலோச்சனா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"லைசன்ஸ் இருக்கு. ஊசியெல்லாம் போட்டிருக்கேன். வாய்க்கூடு மாட்டாம வாசப்படி தாண்ட விடறதில்ல..."

"லைசன்ஸ் வச்சிருக்கறவன் எல்லாம் ஒழுங்காவா வண்டி ஓட்டறான்?"

"என் பொண்ணு சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கவே மாட்டேங்கறா" என்றாள் முதல் மாடி ஷண்முகப்ரியா.

"என்னை அது பார்க்கற பார்வையே சரியில்லீங்க" என்றார் டயானாவின் எதிர் ஃப்ளாட் ஜவஹர். "டிபன் பாக்ஸைப் பார்க்கற மாதிரிப் பார்க்குது."

சிரிப்பு அடங்கக் காத்திருந்து, சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கனிடம் மைக்கை நீட்டினாள் சுலோச்சனா. கோபாலபுரத்தில் பங்களாவில் வாழ்ந்த மனுஷர். போன வருஷம் பில்டரிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு நாலாவது மாடிக்கு வந்தவர். அவர் வந்தபிறகுதான் இந்த பில்டிங்குக்கே ஒரு மரியாதை வந்தது என்பது அவள் கட்சி.

"நான் அந்த நாயைக் கண்ணால பார்த்ததில்லை" என்று ஆரம்பித்தார். "பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ராட்வெய்லர்னா ராட்வெய்லர்தான்!"

நவராத்திரிக்கு வாங்கிய ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று மாடிவரை போனது. அவ்வளவுதான். இரண்டாவது மாடியிலிருந்து வெடி வெடித்தாற்போல் குரைப்பு!

அவர் நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது.

"அந்த ஜாதியே..." என்று மறுபடி ஆரம்பித்தார். குரைப்பு, ஊளை, கதவை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

"பார்த்தீங்களா? தலைவரையே பேசவிட மாட்டேங்குது!" சுலோச்சனா எகிறினாள்.

"இவன் குரைக்கவே மாட்டானே..." டயானா குழப்பத்தோடு எழுந்தாள். "என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"முடிவைக் கேட்டுண்டு போம்மா" என்றார் கஸ்தூரிரங்கன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நாய் போகணும். இல்லேன்னா நீ காலி பண்ணணும்."

"எத்தனை வீடு ஏறி இறங்கிக் கெடச்ச இடம் தெரியுமா சார்? தனியா ஒரு பொண்ணு, அதுவும் மீன் சாப்பிடறவன்னா யாரு சார் வீடு தராங்க?" டயானா தலைவரின் மேஜையருகே வந்தாள். "நாயை நான் எங்க சார் கொண்டுபோய் விடுவேன்?"

"எங்கேயாவது விடு. நாலு நாள் தவிக்கும். அப்புறம் யாராவது எடுத்துப்பா. சம்மதம்கறவா கையைத் தூக்குங்கோ!"

காடு மாதிரிக் கைகள். சுலோச்சனா இரண்டு கையையும் தூக்கினாள்.

டயானா கண்ணைத் துடைத்தபடி மாடிக்கு ஓடினாள். கதவு திறக்கும் சத்தம். "டேய், நில்லுடா! புடிங்க, யாராவது புடிங்க!"

யார் பிடிப்பது? படிக்கட்டில் தடதடவென்று இடி இறங்கி வந்தது. வாய்க்கூடும் இல்லை, வாரும் இல்லை!

நாற்காலிகள் உருண்டன. ஷண்முகப்ரியா லிஃப்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஜவஹர் யாருடைய காரின் பானெட்டிலோ ஏறி நின்றார். சுலோச்சனா மேஜைமேல் ஏறி, கையில் கிடைத்த குடையை வாள்போல் ஓங்கினாள்.

நாய் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே குறி. தலைவர்!

"சார்! ஓடுங்க சார்!"

கஸ்தூரிரங்கன் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். மைக் மட்டும் கையிலேயே இருந்தது. அதனால் அவர் வாயிலிருந்து வந்தது பில்டிங் முழுக்கக் கேட்டது.

"கிட்டு! வேண்டாம்டா கண்ணா... ஒக்காரு! நீ சமத்தோன்னோ!"

சட்டென்று உட்கார்ந்தது நாய். வாலோடு சேர்ந்து உடம்பே ஆடியது. அப்புறம் மெதுவாக நகர்ந்து வந்து, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்து, குழந்தை மாதிரி விம்மியது.

சுலோச்சனாவின் குடை தானாக இறங்கியது.

"சார்... உங்களுக்கு எப்படி..." என்றபடி மேஜையிலிருந்து இறங்கினாள் அவள். அவர் அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

மூச்சிரைக்க வந்து நின்ற டயானா நாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"போன வருஷம் பட்டினப்பாக்கத்துல, எங்க நைனாவோட போட்ல இவனை எவனோ கட்டிப் போட்டுட்டுப் போயிட்டான் சார். டைகர், ராக்கி, ஜானின்னு நானும் கூப்பிடாத பேரில்ல, ஒண்ணுக்கும் திரும்பமாட்டான்... கிட்டுவா இவன் பேரு?"