முள்கம்பி சுற்றிய மட்கார்டு

நாச்சிமுத்து விற்பதற்காக நிறுத்தியிருந்த மினி டிராக்டரின் இடது மட்கார்டில் முள்கம்பி சுற்றியிருந்தது. முதன்முதலாக டிராக்டர் வாங்க வந்த வேலுமணிக்கு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கலப்பையைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்த பிறகே சீட்டை விட்டு எழ வேண்டும். ரோட்டுக்கு வந்தால் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். "இந்தக் கம்பிய எடுத்துட்டா நானும் உக்காந்துக்குவனுங்க," என்றாள் வேலுமணியின் மனைவி சுகந்தி. "காட்டுக்கு எல்லாரும் அப்படித்தானுங்களே போறாங்க." நாச்சிமுத்து மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டுக்காரி துளசியும் அப்படித்தான் வருவா அம்மணி. மடியில சோத்துப் போசி. வரப்பு ஏறறப்ப கெட்டியாப் புடிச்சுக்கன்னு சொன்னேன். சோறு சிந்திருமேன்னு அவ போசியத்தான் புடிச்சா. பின்சக்கரம் பக்கத்துலயே இருந்துச்சு." சுகந்தி மட்கார்டை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள். ஓட்டிக் காட்டுவதற்காக நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, கிளட்சை மிதித்துக் கியர் போட்டார். பிறகு முள்கம்பியின் பக்கம் திரும்பினார். "எறங்கிக்க, துளசி. வரப்பு வருது. நடந்தே வந்துரு," என்றார். ஒருத்தி சேலையை ஒதுக்கிப் பிடித்து, போசியோடு கீழே இறங்கி, சக்கரத்தை விட்டு நன்றாக விலகி நிற்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தார். அதன் பிறகுதான் கிளட்சை விட்டார்.