இருபத்திரண்டு பல்லு

"பின்னுக்கு இருபத்திரண்டு பல்லுச் சக்கரம் போடுங்க. அதுக்குக் குறைஞ்சு ஒண்டும் வேணாம்" என்றார் ஹஸ்மி.

கற்பிட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜூலியானா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"நானா, சைக்கிள் உங்களுக்கா, உங்கட மனிசிக்கா?"

"மனிசிக்குத்தான்."

"அப்ப அவ சொல்லட்டும்."

இதற்காகவே காத்திருந்தவள்போல ஹஸ்மியின் மனைவி கமறியா முன்னால் வந்தாள். 'சீனி வருத்தம் வரப் பார்க்குது, உடம்பை அசைக்கணும்' என்று டொக்டர் சொன்னதும், நடக்கிறேன் என்று சொல்லாமல் சைக்கிள் வேணும் என்று சொன்னவள் அவள். பெரியபிள்ளையான அன்றைக்கு அவளைக் கூடப்பிறந்த நானாவின் சைக்கிளிலிருந்து வீட்டார் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறவேயில்லை.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வந்த வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன மவுண்டன் பைக் இப்போது அவளுக்குக் கிடைத்திருந்தது. பிரேம் நல்ல பிரேம். கியர்கள்தான் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

"இந்தக் காத்துக்குக் கியர் நிக்காது. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஒரே ஒரு பல்லுச் சக்கரம் போடுவம்" என்று ஜூலியானா முதலே சொல்லிவிட்டாள். எத்தனை பல்லு என்பதில்தான் சண்டை.

"பதினாறு போட்டா எப்படி அக்கா?" என்றாள் கமறியா.

"முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்குப் பதினாறு. நீங்க ஒருக்கா மிதிச்சா வீல் ரெண்டு சுத்து சுத்தும். பறக்கலாம்."

"இருபத்திரண்டு?"

"கால் மட்டும் பறக்கும். சைக்கிள் ஆடி அசைஞ்சு வரும்."

கமறியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹஸ்மி சிரிக்கவில்லை.

"மணல் றோட்டு. சைக்கிள் விட்டுப் பழகின ஆளும் இல்ல. இருபத்திரண்டுதான். நானும் வருவன், சேர்ந்தே போவம்."

மற்ற எதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. மணலுக்கு அகல டயர் வேண்டும் என்றதும் இருப்பதிலேயே அகலமானதை எடுத்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்ததைத் தெரிந்தெடுத்தார். பல்லுக் கதை வந்தால் மட்டும் முகம் கல்லாகிவிடும்.

போனில் ஒரு கோல் வர, அவர் வெளியே போனார். ஜூலியானா குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லா ஆம்பிளையளும் ஒண்டுதான் தங்கச்சி. பொஞ்சாதி முந்திப் போயிருவாவோ எண்டு பயம். நான் கடை திறக்கேக்க என்ர மனுசன் படுத்தின பாட்டை நான்தான் அறிவன். பதினாறைப் போட்டுவிடட்டா?"

கமறியா வாசலைப் பார்த்தாள்.

"போடுங்க. அவர் குனிஞ்சு பல்லு எண்ணவா போறார்?"

ஞாயிறு காலை, சுபஹு தொழுதுவிட்டு இருவரும் கடலேரிக் களப்பின் ஓரத்து றோட்டுக்கு வந்தார்கள். ஹஸ்மி கன்வஸ் சப்பாத்து போட்டிருந்தார். சைக்கிள் இல்லை.

"சேர்ந்தே போவம் எண்டீங்க, உங்களுக்குச் சைக்கிள் எங்க?"

"இண்டைக்கு நடக்கிறன். நீ மெதுவா விடு."

கமறியா ஏறி மிதித்தாள். முதல் மிதிக்கு முழங்கால் முறுக்கிக்கொண்டது, இரண்டாவதுக்கு முன்வீல் பாம்புபோல நெளிந்தது. பிறகு சக்கரம் அவள் காலைப் புரிந்துகொண்டது. அபாயாவின் கையில் காற்று புகுந்து கொடிபோல அடித்தது. மீன் காயப்போட்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நாய் ஒன்று துரத்தப் பார்த்து, வீண்வேலை என்று நின்றுவிட்டது. கமறியாவுக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பெல்லை அடித்தாள். முன்னால் ஆளில்லை. மறுபடியும் அடித்தாள்.

"கமறியா, கொஞ்சம் நில்லு..."

திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஹஸ்மி ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை.

நிற்கவில்லை அவள். 'நல்லா ஓடட்டும்' என்று இன்னும் இரண்டு மிதி மிதித்தாள். அடுத்த முறை திரும்பியபோது அவர் றோட்டோரம் குந்தியிருந்தார். அப்போதுதான் பயந்து சைக்கிளைத் திருப்பினாள்.

"நெஞ்சு நோகுதா?"

"இல்ல. மூச்சுத்தான்."

"இந்த வயசில என்னத்துக்கு இந்த ஓட்டம்? என்னைப் போக விட்டா என்ன?"

ஹஸ்மி களப்பைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். கமறியாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் காலை ஜூலியானா கடை திறக்கும்போதே கமறியா சைக்கிளோடு நின்றாள்.

"அக்கா, இதைக் கழட்டிட்டு இருபத்திரண்டைப் போடுங்க."

ஜூலியானாவுக்குக் கோபம் வந்தது.

"அந்த மனுசன் ஏசிச்சா?"

"ஒரு வார்த்தை ஏசல்ல."

"பதினாறு போட்டதில கால் நோகுதா?"

"பறந்தன் அக்கா. பதினாறை வீசிப்போடாதீங்க, திரும்ப வந்து கேப்பன். எப்படியும் ஒரு மாசம் எடுக்கும்."

"என்னத்துக்கு ஒரு மாசம்?"

"அவரைப் பழக்குறதுக்கு. உச்சமுனைத் தீவில தோணியோட வளர்ந்த மனிசன், சைக்கிள் ஓடவே தெரியாது. நான் மெதுவாப் போனாத்தான் பக்கத்தில ஓடி வந்து என்னோட கதைக்க ஏலும் எண்டு பார்த்திருக்கார்."