அருளம்பலத்தாரின் வாக்கு

கனடாவின் ஸ்காபரோவில் இப்போது யாரும் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. சுவரில் பொருத்தியிருக்கும் 'செவி' என்ற கருவி, வீட்டார் ஆண்டு முழுவதும் பேசுவதைக் கேட்டு, அவரவர் வாக்கைத் தானே போட்டுவிடும்.

நாற்பத்தாறு வயது நிரூபன் ஆறாவது தடவையாக நகரசபைக்கு நின்றான். குளிரில் வீடு வீடாக ஏறி இறங்கி வந்தவன், சுவரில் செவி காட்டியதைப் பார்த்துக் களைப்போடு சிரித்தான்.

"அப்பா, உங்கட வாக்கும் மற்ற ஆளுக்குத்தான் விழுந்திருக்கு."

அருளம்பலத்தாரின் முகம் கறுத்தது. அவர் குடும்பத்தில் பெற்றவன் வாயால் பிள்ளையைப் புகழ்வதில்லை, கண்பட்டுவிடும். மனம் முழுக்க மகன்தான், வாயில் வந்ததோ 'உதவாக்கரை', 'தறுதலை'. தகப்பனே மகனுக்குப் போடவில்லை என்று ஊர் அறிந்தால் மானம் என்னாவது? ஆறு தேர்தல்களின் களைப்பும் அவர் முதுகில்தான் இருந்தது. ஆனாலும் அது வளையவில்லை.

"வாக்கெடுப்பு முடிய இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கப்பா. வாயால சொன்னா மாத்தலாம்."

"அப்ப நீ வெளியில போய் நில்."

"இந்தக் குளிருக்கையோ?"

"போடா எண்டால் போ."

கதவு மூடியதும் அவர் சுவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவன் நேர்மையான பிள்ளை. தோத்துத் தோத்தும் ஒருத்தரையும் நோகப் பேசினதில்லை. என்னிலும் பெரிய மனுசன்."

"உங்கள் வாக்கு நிரூபனுக்கு மாற்றப்பட்டது," என்றது செவி.

அவருக்கு மூச்சு வந்தது. நடுங்கிக்கொண்டே உள்ளே வந்த மகன் ஆவலோடு கேட்டான்.

"என்னப்பா சொன்னனீங்கள்?"

"உன்னைப் பற்றிச் சொல்ல என்னடா கிடக்கு, உதவாக்கரை? போய்ச் சாப்பிடு."

"உங்கள் வாக்கு மீண்டும் மாற்றப்பட்டது," என்றது செவி. "வாக்கெடுப்பு நிறைவடைந்தது."