பிடி அரிசிப் பானை

ஓலைப்பெட்டியோடு ஜெபகனி அக்காள் அடுத்த வீட்டைவிட்டு இறங்கி வருவதைக் கண்டதும், உபதேசியார் மனைவி ஹெப்சிபா அடுப்படிப் பானையைத் திரும்பிப் பார்த்தாள். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் போடும் பானை காலியாக இருந்தது. மாதக் கடைசியில் அந்த அரிசியை வாங்கத்தான் அக்காள் வருகிறாள். ஆற்றில் தண்ணீர் வற்றி முக்கூடல் ஊரே நெல்லுக்குத் தவித்த வருஷம் அது.

"எங்க, பானையக் கொண்டா."

"இந்த மாசம் இல்லக்கா."

"இல்லையா? உபதேசியார் வீட்டுலயே இப்படின்னா வேற எவ போடுவா? ஆண்டவருக்கு வச்சதத் தின்னுட்டியளா?"

 ஹெப்சிபா காலிப் பானையைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள்.

"அடுத்த வீட்டு மைதீன் பாத்திமாவப் பாரு. கொழும்புக்குப் போன புருஷங்கிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல. நம்மளப் போல வேதக்காரியும் இல்ல. 'ஹெப்சிபாக்கா எடுத்து வைக்கதப் பாத்து நானும் வச்சேன்'னு அவளா கூப்பிட்டுப் போடுதா!"

ஹெப்சிபா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஊரார் போட்ட வெள்ளரிசிக்கு மேல் கொஞ்சம் சிவப்பரிசி கிடந்தது.

பாத்திமாவின் பிள்ளைகள் பட்டினி கிடப்பது பொறுக்காமல், கோயில் பானையிலிருந்து அள்ளி, முந்தானையில் மறைத்து ஹெப்சிபா கொடுத்துவந்த அதே சிவப்பரிசி.