ராஜகோபுரம் வரைக்கும்

"வந்துட்டாரு பாரு உன் குருக்கள்! ஓசின்னா இந்த மனுஷனுக்கு அலாரமே வேணாம்," என்று பல்லைக் கடித்தார் தன்யகுமார்.

"மெதுவா பேசுங்க, அவர் காதுல விழுந்துடப் போவுது," என்றாள் மனைவி ஜெயமதி.

வாசலில் எதிர்வீட்டு சம்பந்தமூர்த்தி குருக்கள், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"என்ன நயினாரே, கிளம்பலாமா? எனக்குக் கோயில்ல பூஜை முறை. ராஜகோபுரம் வரைக்கும் பின்னால தொத்திக்கறேன்."

ஆறு மாசமாக இதே பாட்டுதான்.

தன்யகுமாருக்குத் தேரடித் தெருவில் ஆபீஸ். அப்பா அறுபத்திரண்டாம் வருஷம் வாங்கிய ஜாவா மோட்டார் சைக்கிளில்தான் போவார். இருபத்துநாலு வயசு வண்டி. உதைத்தால் கிளம்பாது, தள்ளினால்தான் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்து வைப்பார். திங்கட்கிழமை காலையில் ரயில்வே கேட்டில் போய் நின்றுவிடும்.

தள்ளுவது குருக்கள்தான். வாசலில் ஒரு தரம், கேட்டில் ஒரு தரம். வண்டி உறுமினதும் குடுமி அவிழ ஓடிவந்து பின்னால் ஏறிக்கொள்வார். சும்மா சவாரி கிடைக்குதே, தள்ளட்டும் என்று தன்யகுமாரும் விட்டுவிட்டார்.

"எதுக்குங்க இந்த அவஸ்தை? பங்குனியில நெஞ்சுவலின்னு எட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தீங்க. பாரம் தள்ளவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? புது வண்டி வாங்கிடுங்க," என்பாள் ஜெயமதி.

"கத்தாதே! ஊரெல்லாம் தண்டோரா போடணுமா? எவனும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது. அப்பா வண்டிடி அது. விக்க எப்படி மனசு வரும்?"

கடைசியில் மெக்கானிக் காசியே கையை விரித்துவிட்டான். "இதுக்கு ஸ்பேர் கிடைக்கல சார். போனவரைக்கும் போதும், விட்டுடுங்க."

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருத்தர் வந்து ஜாவாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு தன்யகுமாருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் நூறு சிசி புது வண்டி வந்தது. முதல் ஆளாக எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார் குருக்கள்.

"ஒரே உதையில கிளம்பிடுமோ?"

"தொட்டாலே கிளம்பும், சாமி."

"கேட்டுல நிக்காதே?"

"சான்சே இல்ல."

"அப்பாடா! அண்ணாமலையார் கண்ணைத் திறந்துட்டார்!" குருக்களுக்கு முகம் பூராவும் சிரிப்பு.

இனி தள்ளாமலே சவாரி என்று வந்த குஷியைப் பார்! தன்யகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன் சாமி. புது இன்ஜின். ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடற வரைக்கும் பின்னால யாரையும் ஏத்தக் கூடாது," என்று கூசாமல் புளுகினார். அந்தப் புளுகை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

"அதுக்கென்ன, நீங்க சௌக்கியமா போயிட்டு வாங்கோ," என்றார் குருக்கள்.

அன்று சாயங்காலமே ஜெயமதியைப் பின்னால் உட்காரவைத்து, குருக்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார் தன்யகுமார். மறுநாளிலிருந்து காலையில் குருக்களைக் காணோம்.

"பார்த்தியா? ஓசி போச்சு, உறவும் போச்சு!"

ஜெயமதி எதிர்வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் முன்னால், ஏதோ கையெழுத்துக்காக ஆபீசுக்கு வந்தான் உமாமகேஸ்வரன். குருக்களின் அண்ணன் மகன். அவனும் அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்கிறவன்.

மனசு உறுத்தியதோ என்னவோ, தன்யகுமார் கேட்டார். "உங்க சித்தப்பா இப்பல்லாம் கோயிலுக்கு எப்படி வர்றாரு? நடந்தா?"

"இப்ப எதுக்குக் கோயிலுக்கு? அவருக்கு முறை தை மாசம்தானே சார். எங்களுக்கெல்லாம் வருஷத்துல கொஞ்ச நாள்தான் முறை வரும்."

தன்யகுமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஜைனர். அந்தக் கோயிலில் யாருக்கு எப்போது முறை என்று அவர் என்னத்தைக் கண்டார்?

"தினம் முறைன்னு சொல்லித்தானே என்கூட வந்தாரு?"

"வருவார். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு, ரெண்டு மைல் வெயில்ல நடந்தே வீட்டுக்குத் திரும்பிடுவார். 'உங்களுக்கு எதுக்கு சித்தப்பா இந்தத் தலையெழுத்து?'ன்னு நானே கேட்டேன்."

தன்யகுமார் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொன்னாரு?"

"'நெஞ்சுவலிக்காரர்டா, கேட்டுல நின்னா தனியா தள்ளுவார். உதவின்னு வந்து நின்னா ஒத்துக்க மாட்டார். ஓசின்னா திட்டிண்டாவது கூட ஏத்திண்டு போவார்'னார் சார்."